தமிழின் கோடு ஏன் இறங்குகிறது? 1971 முதல் 2011 வரையிலான மொழி விழுக்காட்டு வரைபடம்

நூலேணி

நேற்றிரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குக் கோட்டு வரைபடம் ஒன்று வந்து சேர்ந்தது. இந்தியாவின் மொத்த மக்கள்தொகையில் ஒவ்வொரு மொழியையும் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் எத்தனை விழுக்காடு என்பதைப் பத்தாண்டுக்கு ஒரு புள்ளியாக வைத்து, 1971 முதல் 2011 வரை இழுத்திருக்கிறார்கள். இந்தி 36.99 விழுக்காட்டில் தொடங்கி 43.63-க்கு ஏறுகிறது, தமிழ் 6.88-இல் தொடங்கி 5.70-க்கு இறங்குகிறது. என் மைத்துனர் அதன் கீழே "இன்னும் ஐம்பது வருஷம்தான்" என்று எழுதினார். அரை மணி நேரத்தில் பதினோரு அழுமுகப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கும் முதலில் வயிற்றைப் பிசையத்தான் செய்தது. ஆனால், நான் பிறந்ததிலிருந்து தமிழ் பேசுவோர் குறைந்ததாக என் கண்ணுக்குத் தெரியவில்லையே, பிறகு எப்படி இந்தக் கோடு இப்படிச் சரிகிறது என்ற கேள்வி தூங்கவிடவில்லை. புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஈரோட்டுத் தறி

இறங்குவது விழுக்காடு, ஆட்கள் அல்லர். 1971-இல் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 3.77 கோடிப் பேர், 2011-இல் 6.90 கோடிப் பேர். நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 83 விழுக்காடு கூடியிருக்கிறோம். அதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை 54.8 கோடியிலிருந்து 121 கோடியாகி, இரு மடங்கையும் தாண்டிவிட்டது. வகுக்கும் எண் நம்மைவிட வேகமாக வளர்ந்தால் ஈவு குறையும். இது ஏழாம் வகுப்புக் கணக்குதான், அழுமுகத்துக்கு வேலையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் படத்தில் தமிழுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு, அதன் செங்குத்து அச்சை 5.5-இல் தொடங்கி 7-இல் முடித்திருக்கிறார்கள். சுழியத்திலிருந்து வரைந்திருந்தால் அது சற்றே சாய்ந்த கோடாக இருந்திருக்கும். இப்போது கொல்லிமலை இறக்கத்தைப் போல இருக்கிறது.

கரிசல்காட்டான்

தறி நண்பரே, ஏழாம் வகுப்புக் கணக்கு சரிதான், ஆனால் அந்த ஆறுதல் எனக்குப் போதவில்லை. நாடாளுமன்றத்தில் ஆட்களின் எண்ணிக்கை உட்காருவதில்லை, விழுக்காடுதான் உட்காருகிறது. 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆம் திருத்தம் தொகுதிப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே நிறுத்தி வைத்தது; 2001-இல் 84-ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு நடக்கவிருக்கிறது. ஆக, நீங்கள் "வெறும் விழுக்காடு" என்று தள்ளிவிடும் அந்தக் கோடுதான் நம் 39 இடங்களின் தலையெழுத்தை எழுதக் காத்திருக்கிறது. பதினோரு பேர் அழுததில் எனக்கு வியப்பில்லை. மீதிப் பேர் அழாததில்தான் வியப்பு.

படிக்கல்

கரிசல்காட்டாரின் கவலை நியாயமானது. ஆனால் அது மாநிலங்களின் மக்கள்தொகையைப் பற்றிய கவலை. மொழிக் கோட்டைப் பற்றியது அன்று. தொகுதிகளை மாநில மக்கள்தொகையை வைத்துத்தான் பிரிப்பார்கள், தாய்மொழியை வைத்து அன்று. இரண்டும் ஒரே திசையில் நகர்வதால் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவே.

அவை ஏன் ஒரே திசையில் நகர்கின்றன என்பதற்கு விடை பிரசவ அறையில் இருக்கிறது. 1992–93-இல் நடந்த முதல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ 2.5, உத்தரப் பிரதேசத்தில் 4.8. 2019–21-இல் தமிழ்நாடு 1.8-க்கு வந்துவிட்டது, உத்தரப் பிரதேசமும் 2.4-க்கு இறங்கிவிட்டது; பீகார் மட்டும் 3.0-இல் நிற்கிறது. பெண்கள் பள்ளிக்குப் போனது, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, ஆரம்பச் சுகாதார நிலையம் நடந்து போகும் தூரத்தில் அமைந்தது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எல்லாவற்றின் நிழலும் அந்தக் கோட்டின் சரிவில் விழுந்திருக்கிறது. பெற்றதைக் கொண்டாடிவிட்டு, அதன் விளைவாகக் குறைந்த விழுக்காட்டுக்கு ஒப்பாரி வைப்பது எனக்கு விளங்கவில்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தக் கோடு 1971-லிருந்து 1981, 1991 என்று தொய்வில்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதே, தமிழுக்கு 1981-இல் புள்ளி வைத்தது யார்? அந்த ஆண்டின் தமிழ்நாட்டு மொழிப் பதிவுகள் வெள்ளத்தில் அழிந்துபோனதால் தமிழுக்கு முழுமையான அகில இந்திய எண்ணிக்கையே வெளியிடப்படவில்லை. அதே ஆண்டு அசாமில் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 1991-இல் ஜம்மு காஷ்மீரில் நடக்கவில்லை. 1971-இல் ஒரு புள்ளியும் 1991-இல் 6.32 என்று ஒரு புள்ளியும் மட்டுமே இருக்க, நடுவில் ஒரு புள்ளியைத் தாமாக வைத்துக் கோட்டை இழுத்துவிட்டார்கள். படம் வரைபவருக்கு இடைவெளி அசிங்கமாகத் தெரிந்திருக்கும்.

நூலேணி

1981-ஐ நான் கவனிக்கவே இல்லை, ஐயா. இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் தமிழின் புள்ளி இரண்டுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. யாரோ அளவுகோலை வைத்து வைத்த புள்ளிதான்.

சுண்ணக்கட்டி

மதுரையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்புப் பணிக்கு என்னை அனுப்பினார்கள். நீங்கள் எல்லோரும் கோட்டின் மேல்முனையில் நின்று பேசுகிறீர்கள்; அது எந்த வாசற்படியில் தொடங்குகிறது என்பதைப் பார்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்.

படிவத்தில் பத்தாவது கேள்வி தாய்மொழி. ஒருவரது குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி என்றும், தாய் சிறுவயதிலேயே இறந்திருந்தால் அந்தப் பருவத்தில் வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழியை எழுத வேண்டும் என்றும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்பதற்கு எளிதாக இருந்தது. எனக்கு ஒதுக்கிய பகுதியில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. ஒரு வீட்டில் மகன் வாசலிலேயே நின்றுகொண்டு, "எல்லாருக்கும் தமிழ்னே எழுதிக்கங்க டீச்சர், நாளைக்கு எதுலயாவது மாறிப்போயிரும்" என்றார். உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் தம் மொழியில் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இவனுக்கு நான் தமிழ்லயா தாலாட்டுப் பாடினேன்? கேட்டுப் பாருங்க" என்றார். மகன் சிரித்துவிட்டார். விதிப்படி அவருக்குச் சௌராஷ்டிரம் என்று எழுதினேன். மருமகளுக்கும் அதுவே. ஆனால் நான்கு வயதுப் பேரனுக்கு வந்தபோது அந்த மருமகள், "அவன்கிட்ட நான் தமிழ்லதான் பேசறேன், ஸ்கூல்ல கஷ்டப்படக் கூடாதுல்ல" என்றாள். ஆகவே அவனுக்குத் தமிழ். ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறை, இரண்டு தாய்மொழி. முறத்தை வைத்துவிட்டுப் பாட்டி ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

அடுத்த வீட்டில் கதவுகூடத் திறக்கவில்லை. சன்னல் வழியாக "ஆறு பேர், எல்லாரும் தமிழ்" என்று சொல்லி முடித்தார்கள். அந்த வீட்டிலும் ஒரு பாட்டி இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆறும் உங்கள் 6.90 கோடிக்குள் இருக்கிறது.

படிக்கல்

அம்மா, நீங்கள் சொன்னதற்கு எண்ணிலேயே சான்று இருக்கிறது. சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 2001-இல் 1.85 லட்சம்; 2011-இல் 2.48 லட்சம். பத்தாண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு. தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 15.6 விழுக்காடுதான் வளர்ந்தது. கூடுதலாக வந்தவர்கள் தொட்டிலிலிருந்து வந்திருக்க முடியாது; வாசற்படியில் பதிலை மாற்றிச் சொன்னவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

வடக்கே இதைவிடப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. போஜ்புரி 2001-இல் 3.31 கோடி, 2011-இல் 5.06 கோடி. எந்த நாட்டுப் பெண்களும் பத்தே ஆண்டுகளில் ஒரு மொழியை ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் பெற்றெடுத்துவிட முடியாது. முன்பு "இந்தி" என்று சொல்லிவந்தவர்களில் ஒரு பகுதியினர் இம்முறை "போஜ்புரி" என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அப்படிச் சொன்னதால் இந்தியின் கோடு கீழே இறங்கியதா என்றால், இல்லை. போஜ்புரியை இந்தி என்ற தலைப்பின் கீழேயே கூட்டிக்கொள்கிறார்கள். 2011-இல் இந்தித் தலைப்பின் கீழ் வந்த 52.83 கோடிப் பேரில் தம் தாய்மொழி "இந்தி" என்றே பதிந்தவர்கள் 32.22 கோடி மட்டும். அதாவது நாட்டு மக்களில் ஏறத்தாழ 26.6 விழுக்காடு. மிச்சம் போஜ்புரி, 2.58 கோடி ராஜஸ்தானி, 1.62 கோடி சத்தீஸ்கரி, 1.27 கோடி மகதி, பிறகு ஹரியாண்வி, மார்வாரி, அவதி, புந்தேலி, மால்வி என்று போகிறது. மொத்தம் 56 தாய்மொழிகள். மைத்துனர் அனுப்பிய படத்தின் அந்தத் தடித்த கோடு ஒரு மொழியின் கோடு அன்று. ஒரு தலைப்பின் கோடு.

தலைப்புக்குள் எது இருக்கும், எது வெளியே போகும் என்பதும் நிலையானது அன்று. 1991 வரை மைதிலி இந்திக்குள் இருந்தது. 2003-இல் 92-ஆம் திருத்தம் அதை அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்த்ததும், 2001 கணக்கு வெளியானபோது தனி வரிசையாக வந்துவிட்டது. மைதிலி வெளியேறிய பிறகும் இந்தி 39.29-லிருந்து 41.03-க்கு ஏறியது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். தொகுப்பு வேலையால் மட்டுமே அந்தக் கோடு ஏறவில்லை, குழந்தைகளாலும் ஏறுகிறது.

கரிசல்காட்டான்

இதைத்தான் நான் வேறு சொற்களில் சொல்ல வந்தேன். கோடு பொய் என்கிறீர்கள். அந்தப் பொய்க் கோட்டைக் காட்டித்தானே "பெரும்பான்மை மொழி" என்ற பேச்சு எழுகிறது?

படிக்கல்

பொய் என்று நான் சொல்லவில்லை, ஐயா. அட்டவணையைத் திறந்தால் ஒவ்வொரு தாய்மொழிக்கும் தனி எண் அச்சிட்டிருக்கிறார்கள், ஒளித்துவைக்கவில்லை. 2018-இல் அது வெளியானபோதே முன்னுரையில் விளக்கியிருக்கிறார்கள்: மக்கள் சொன்னவாறே வந்த பெயர்கள் 19,569, அவற்றை எழுத்து வேறுபாடு நீக்கிச் சீர்செய்தபின் 1,369 தாய்மொழிகள், பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுபவற்றை மட்டும் எடுத்துத் தொகுத்தபின் 121 மொழிகள். படம் வரைபவர்தான் அந்தக் கடைசி அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்.

அப்புறம், நம் தோட்டத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. தமிழ் என்ற தலைப்பின் கீழே இருளர் மொழி, கைக்காடி, எருகலா எல்லாம் அடக்கம். இருளர்களிடம் போய் உங்கள் மொழி தமிழின் பிரிவுதானே என்று கேட்டுவிட்டு நாம் அந்தத் தொகையைச் சேர்த்துக்கொண்டோமா? எண்ணிக்கை சிறியது என்பதால் நமக்கு உறுத்தவில்லை.

மட்டக்களப்பு வாவி

இந்த இழையை வாசித்துக்கொண்டு வரும்போது எங்கள் நாட்டு வட்டப்படம் ஒன்று நினைவுக்கு வந்தது. இலங்கையில் தமிழர் 11 வீதம் என்று காட்டும் அந்தப் படத்தைப் பலரும் "தமிழ் பேசுவோர் 11 வீதம்" என்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். அது மொழி வட்டமே அல்ல, இன வட்டம். 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர் 11.2, இந்தியத் தமிழர் 4.1, இலங்கைச் சோனகர் 9.3 வீதம். சோனகர் என்றால் இங்குள்ள முஸ்லிம்கள்; அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது தமிழ்தான். நான் வளர்ந்த ஊரில் ஒரு தெரு தாண்டினால் சோனகர் ஊரான காத்தான்குடி, அங்கே கேட்கும் தமிழ் என் தமிழைவிட இனிமையானது. மூன்றையும் கூட்டினால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வருகிறது. ஆனால் சோனகரைத் தமிழர் என்று அழைத்தால் அவர்களே ஏற்கமாட்டார்கள். அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இனத்தைக் கேட்டுவிட்டு மொழிக்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் என் பேச்சு.

"இந்தியத் தமிழர்" என்ற தனிக் கட்டமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1911 மதிப்பீட்டில் பிரித்தது. 1981-இல் அவர்கள் 5.5 வீதம், 2012-இல் 4.1. இடையில் இந்தியா போனவர்கள் பலர். மலையகத்திலிருந்து வன்னிக்கும் கொழும்புக்கும் நகர்ந்து "இலங்கைத் தமிழர்" என்று பதிந்தவர்களும் இருக்கிறார்கள். வெள்ளம் உங்கள் 1981-ஐக் கொண்டுபோனது என்றீர்கள். எங்களுக்கு யுத்தம் கொண்டுபோனது: 1991-இல் மதிப்பீடே இல்லை, 2001-இல் வடக்கிலும் கிழக்கிலும் பல மாவட்டங்களை முழுமையாக எடுக்க முடியவில்லை. 1981-க்கும் 2012-க்கும் இடையே நேர்கோடு இழுப்பவர்கள் அதற்குள் எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இழுக்கிறார்கள்.

தெம்பனிஸ் வாசி

சிங்கப்பூரிலிருந்து ஒரு வரி சேர்க்கிறேன். இங்கே கேட்பது "வீட்டில் நீங்கள் அதிகமாகப் பேசும் மொழி எது" என்று. 2010-இல் ஆங்கிலம் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3. தமிழ் 3.3-லிருந்து 2.5-க்கு வந்துவிட்டது. இந்தச் சரிவுக்குப் பிரசவ அறை விளக்கம் சொல்லாது. என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கிறாள், ஆச்சியிடம் தமிழில் பேசுகிறாள், என்னிடம் பாதி, தம்பியிடம் முழுக்க ஆங்கிலம். "அதிகமாக" என்று கேட்டால் நேர்மையான பதில் ஆங்கிலம்தான். சுண்ணக்கட்டி அம்மாவின் படிவத்தில் அவள் தமிழ். எங்கள் படிவத்தில் அவள் ஆங்கிலம். பிள்ளை ஒன்றுதான். சிங்கப்பூர்க் கோட்டையும் இந்தியக் கோட்டையும் ஒரே படத்தில் போட்டு "உலகெங்கும் தமிழ் வீழ்ச்சி" என்று யாரோ சுற்றுக்கு விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கரிசல்காட்டார் அழ விரும்பினால், அழ வேண்டிய கோடு எங்களுடையது. உங்களுடையது பங்கு குறைவது; எங்களுடையது வீட்டுக்குள்ளேயே மொழி இடம் மாறுவது.

ஈரோட்டுத் தறி

இப்படி ஒரு பட்டை வரைபடம் எனக்கும் வந்திருக்கிறது: விக்கிப்பீடியாக் கட்டுரை எண்ணிக்கைப்படி மொழிகள். ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுவானோ, அறுபது லட்சத்துக்கும் மேல். தமிழ் இரண்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அனுப்பியவர் "அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். அந்தச் செபுவானோக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதியது சுவீடன்காரர் ஒருவர் இயக்கிய தானியங்கி நிரல். கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன். மொழிப்பற்று இல்லாதவன் என்று பெயர் கிடைத்தது.

சுண்ணக்கட்டி

இன்னொரு கேள்வியும் அந்தப் படிவத்தில் இருந்தது. பதினொன்றாவது: வேறு தெரிந்த மொழிகள், இரண்டு வரை. அந்தச் சௌராஷ்டிரப் பாட்டிக்குத் தமிழ் என்று எழுதினேன். அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தமானது. ஆனால் உங்கள் 5.70-க்குள் அவர் இல்லை. நாட்டில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல், அதாவது 26 விழுக்காட்டினர், இரண்டு மொழியாவது தெரிந்தவர்கள் என்று அந்தக் கேள்வியிலிருந்துதான் கணக்கிட்டார்கள். அதை யாரும் கோடாக இழுத்து எனக்கு அனுப்பியதில்லை. சண்டை போட அதில் ஒன்றுமில்லை என்பதால் இருக்கலாம்.

கரிசல்காட்டான்

அம்மா சொல்லும்போது மறுக்க மனம் வரவில்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தியைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் 2001-இல் 1.9 லட்சம், 2011-இல் 3.9 லட்சம். இரட்டிப்பு. இதற்கும் ஒரு சமாதானம் வைத்திருப்பீர்கள்.

படிக்கல்

சமாதானம் இல்லை, மொத்தத்தில் அது 0.54 விழுக்காடு என்ற தகவல் மட்டும் உண்டு. அதே 2011-இல் தமிழ்நாட்டில் தமிழ் 88.37, தெலுங்கு 5.87. திருப்பூரிலும் ஒரகடத்திலும் வேலைக்கு ஆள் தேடி அழைத்தவர்கள் நாம்தான். சிறிய எண் இரட்டிப்பது எளிது. அதை மட்டும் பட்டையாக வரைந்தால் வானத்தைத் தொடும். 2027-இல் அது இன்னும் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன், அதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதைப் பார்த்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

நூலேணி

இரண்டு நாள்கள் உட்கார்ந்து படத்தை மறுபடி வரைந்திருக்கிறேன். 1981-இல் தமிழுக்கு இடைவெளி விட்டுவிட்டேன். அச்சு சுழியத்திலிருந்து தொடங்குகிறது. இந்தியைத் தலைப்பாக ஒரு மெல்லிய கோட்டிலும், 2001-க்கும் 2011-க்கும் மட்டும் "இந்தி" என்றே பதிந்தவர்களைத் தனிப் புள்ளிகளாகவும் (25.07, 26.6) வைத்திருக்கிறேன். குடும்பக் குழுவில் போட்டேன். மைத்துனர், "இதுல ஒண்ணுமே தெரியலையே" என்றார். பதினொரு அழுமுகங்கள் வந்த இடத்தில் இதற்கு ஒரே ஒரு கட்டைவிரல். அதுவும் என் மனைவி போட்டது.

ஈரோட்டுத் தறி

படம் நன்றாக இருக்கிறது, நண்பரே. ஒரு சிறு பிழை மட்டும். கடைசிப் பத்தாண்டில் தெலுங்குக்கும் மராத்திக்கும் நிறம் மாறிவிட்டது போலிருக்கிறது. தெலுங்கின் பச்சைக்கோடு மேலே இருந்தது, 2011-இல் கீழே போய்விட்டது பாருங்கள்.

நூலேணி

நிறம் மாறவில்லை. 2001-இல் தெலுங்கு 7.19, மராத்தி 6.99. 2011-இல் மராத்தி 6.86, தெலுங்கு 6.70. இரண்டும் இறங்கின, தெலுங்கு கூடுதலாக இறங்கியதால் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டன. நானும் முதலில் பிழை என்று நினைத்து அரை மணி நேரம் தேடினேன்.